திருவேட்டக்குடியில் ஓர் ஆயுதமில்லா வேட்டை

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்லும் பெருவழியில் வரிச்சிக்குடியை அடைந்ததும், கடலை நோக்கிக் கிழக்கே ஒரு சாலை பிரிகின்றது. சென்ற மாசித் திங்களில் ஒரு பிற்பகல் அச்சாலை வழியே நாங்கள் திருவேட்டக்குடி சென்று சேர்ந்தோம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் கணுக்கால் அளவு உயர்ந்து, பச்சைப் பாய் விரித்தாற்போல் இருபுறமும் கிடந்தன. வாய்க்கால் ஓரங்களில் கொக்குகள் ஒற்றைக் காலில் தவம் கிடந்தன. காவிரி நாட்டின் கடைக்கோடி இது. இதற்கப்பால் மணலும் நீருமே.

நாங்கள் என்று சொல்வது எங்கள் தம்பதியரையும், எங்களோடு வந்த தங்கை மகனையும் சேர்த்துத்தான். வாசக அன்பர்களில் பலர் வேளாங்கண்ணிக்குப் போகும்போதும் வரும்போதும் காரைக்காலைக் கடந்திருப்பீர்கள். ஆனால் வரிச்சிக்குடியில் வண்டியைத் திருப்பி இவ்வூரைப் பார்த்தவர் சிலராகத்தான் இருப்பர். நாங்களும் பல முறை அப்படிக் கடந்து போனவர்களே. இம்முறை எங்களை இங்கே இழுத்து வந்தவை நண்டுகள்!

ஊரின் பெயரும் வரலாறும்

காரைக்கால் பகுதி 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது என்பதை நாம் அறிவோம். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே திருவேட்டக்குடி பெயர் பெற்ற ஊர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய சிவத்தலங்களுள் இதுவும் ஒன்று. இறைவன் வேடனாக வந்து அருச்சுனனைச் சோதித்த கதையோடு இவ்வூரை இணைத்துப் பேசுகின்றனர் ஊரார். 'வேட்டம்' என்பது வேட்டையைக் குறிக்கும் பழஞ்சொல். காட்டில் மான் வேட்டையாடுவது மட்டுமன்றி, கடலில் மீன் பிடிப்பதையும் பழந்தமிழர் வேட்டம் என்றே வழங்கினர். ஆதலால் வேட்டக்குடி என்னும் பெயர் கடலோரத்து ஊருக்கு எவ்வகையில் பார்த்தாலும் பொருத்தமே.

இன்றைய நாளில் இவ்வூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் திருவேட்டக்குடியில்தான் அமைந்துள்ளது. கோபுரத்துக்கும் கடலுக்கும் இடையே கணிப்பொறி பயிலும் மாணவர் நடமாடும் ஊர் இது. ஆனால் எங்கள் மருமகன் அங்குப் பயில்பவன் அல்லன். வேறோர் ஊரில் விலங்கியலில் முதுகலைப் பட்டத்துக்குப் படிப்பவன். கடற்கரை மணலில் வளை தோண்டி வாழும் நண்டுகள், மனிதர் நடமாட்டத்தைக் கண்டு எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே அவன் ஆய்வுப் பொருள். அதற்காக நான்கு வாரங்களாக விடுமுறை நாள்தோறும் இக்கரைக்கு வந்து காமிரா வைத்துக்கொண்டிருந்தான். "மாமா, நீங்களும் அத்தையும் ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்று அவன் அழைத்ததன் பேரில்தான் இந்தப் பயணம். மேலும், மூங்கில் கழிகளைத் தூக்கிவர ஆள் தேவைப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை!

அலவனும் அடும்பும்

மாலை நான்கு மணிக்கு மணலில் இறங்கினோம். சவுக்குத் தோப்பின் நிழல் கடலை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. மணல் மேட்டில் அடும்பங்கொடி படர்ந்து, ஊதா நிறப் பூக்கள் சுருங்கிக் கிடந்தன. கரையேற்றப்பட்ட படகு ஒன்றின் நிழலில் முதியவர் ஒருவர் வலையின் கிழிசலைச் சீர் செய்துகொண்டிருந்தார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையோரக் குப்பங்களை வாரிச் சென்றதை நினைக்கும்போது, அன்று அவ்வளவு அமைதியாய் இருந்த அலைகளைப் பார்க்க வியப்பாகவே இருந்தது.

நீர் விளிம்பிலிருந்து சற்று மேலே, மணலில் சிறு வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையின் வாயிலிலும் புதிதாகத் தோண்டிய மணல் சிதறிக் கிடந்தது. இவைதாம் நண்டு வளைகள். பழந்தமிழ் இலக்கியம் இந்த உயிரை அலவன் என்று அழைத்தது. நெய்தல் நிலத்துச் சிறுமியர் இவற்றை விரட்டி விளையாடுவதற்கு அலவனாட்டல் என்றே பெயர். காம்பின் நுனியில் நிற்கும் கண்கள். மணலின் நிறமே உடலின் நிறம். பக்கவாட்டில் ஓடும் மின்னல் ஓட்டம். நம் காலடி மணலில் எழுப்பும் அதிர்வை உணர்ந்த மாத்திரத்தில் வளைக்குள் மறைந்துவிடும். கடற்கரையில் மனிதரும் வண்டிகளும் எவ்வளவு தொல்லை தருகின்றனர் என்பதை அறிய, உலகின் பல நாடுகளில் இவ்வளைகளை எண்ணிப் பார்க்கின்றனர். நண்டு குறைந்தால் கரை நலிகின்றது என்று பொருள்.

இங்கேதான் சிக்கல். நண்டைப் பார்க்க நாம் அருகில் சென்றால், நண்டு இராது. நாம் இல்லாதபோது அது என்ன செய்கின்றது என்பதை நாம் பார்க்கவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் காமிராவும் கணிப்பொறியும் வருகின்றன. நாங்கள் நட்ட கழியின் உச்சியில் அவன் சிறு காமிராவைக் கட்டினான். தரையில் ஒரு மீட்டர் இடைவெளிகளில் முளையடித்துக் கயிறு கட்டினான். காமிரா சாய்ந்து பார்ப்பதால் அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும். அந்தப் பிழையைத் திருத்த இக்கயிற்றுக் கட்டங்கள் உதவுமாம். பிறகு அனைவரும் படகின் நிழலுக்கு ஒதுங்கினோம்.

வேறுபாடு காணும் விளையாட்டு

"இந்தக் கருவி நண்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று வினவினோம். அவன் சொன்னதை எங்களுக்குப் புரிந்த வகையில் இங்கே தருகின்றோம்.

நம் பத்திரிகைகளில் சிறுவர் பகுதியில், ஒன்றுபோல் தோன்றும் இரு படங்களைப் போட்டு, 'ஆறு வேறுபாடுகளைக் கண்டுபிடியுங்கள்' என்று கேட்பதுண்டு அல்லவா? கணிப்பொறி செய்வதும் அதே வேலைதான். காமிரா ஒரு விநாடியில் 25 படங்களை எடுக்கின்றது. ஒவ்வொரு படமும் கோலப் புள்ளிகளைப் போன்ற இலட்சக்கணக்கான நுண்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஒளியளவுக்கேற்ப 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்பது முழு இருள், 255 என்பது முழு வெண்மை. கணிப்பொறி ஒரு படத்தின் எண்களிலிருந்து மற்றப் படத்தின் எண்களைக் கழித்துப் பார்க்கின்றது. ஒன்றும் அசையாத இடத்தில் விடை ஏறத்தாழச் சுழியம். ஏதேனும் அசைந்த இடத்தில் விடை பெரிதாகும். அப்படி மாறிய புள்ளிகள் அடுத்தடுத்துக் கூட்டமாக இருந்தால், அக்கூட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டு, நடுவிடத்தைக் குறித்துக்கொள்கின்றது. அடுத்தடுத்த படங்களில் அந்த நடுவிடம் எங்கெங்கே நகர்ந்தது என்று கோடிட்டால், நண்டு நடந்த பாதை கிடைத்துவிடும்.

அரைமணி நேரத்தில் 45,000 படங்கள்! இவ்வளவையும் ஒரு மனிதன் கண்ணால் பார்த்துக் குறிப்பெழுத வேண்டுமானால் எத்தனை இரவுகள் விழித்திருக்க வேண்டும்! பொறிக்குச் சோர்வில்லை, தூக்கமில்லை, சலிப்பில்லை.

ஆயினும் பொறிக்கு மயக்கம் உண்டு என்பதை அன்றே கண்டோம். இருள் கவியும் வேளையில் மடிக்கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கணிப்பொறி குறித்திருந்த 'நண்டுகளில்' பல, நண்டுகளே அல்ல. ஓர் இடத்தில் அலையின் நுரை. இன்னோரிடத்தில் காற்றில் ஆடிய அடும்பிலை. மற்றோரிடத்தில் சவுக்கு மரத்தின் அசையும் நிழல். காற்று பலமாக வீசிக் கழி ஆடியபோதோ, கரை முழுவதுமே ஓடுவதாகக் கருவி எண்ணிக்கொண்டது! எங்கள் துணைவியார் சிரித்துவிட்டார். மருமகன் சிரிக்கவில்லை. "இதெல்லாம் தெரிந்ததுதான் அத்தை" என்று சொல்லிவிட்டு, நீர் விளிம்பையும் கொடியையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுமாறு கருவிக்குக் கட்டளையிட்டான். மிகச் சிறிய அசைவையும் மிகப் பெரிய அசைவையும் தள்ளிவிடச் செய்தான். பிழைகள் பெரும்பாலும் மறைந்தன.

துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார், ஓடும் குதிரையின் பாதையில் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, அதன் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றன என்பதைப் படத்தால் மெய்ப்பித்தார். அடுத்து 1882-இல் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, பறவைகளின் பறத்தலை ஆராய ஒரு புதுமைக் கருவியைச் சமைத்தார். அது பார்ப்பதற்குத் துப்பாக்கியே போன்றது. தோளில் சாய்த்து, பறவையைக் குறி வைத்து, விசையை இழுத்தால், குண்டு பாயாது. ஒரு விநாடிக்கு 12 படங்கள் பதியும். பறவை தன் போக்கில் பறந்து போய்விடும். காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த அந்நாளில், அந்த நாட்டு அறிஞர் ஒருவர் உயிரைப் பறிக்காத துப்பாக்கியைச் செய்தார் என்பதை, வேட்டத்தின் பெயர் தாங்கிய இவ்வூரில் அமர்ந்து எண்ணிப் பார்க்கையில் எங்களுக்கு உவகையே உண்டாயிற்று.

நம் நாட்டிலும் அத்தகைய ஒருவர் இருந்தார். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் ஆங்கிலேயர், பிறர் புலிகளைச் சுட்டுத் தோலுரித்துப் பெருமை பேசிய காலத்தில், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலியின் கால் பட்டவுடன் தானே ஒளி வீசிப் படம் பிடிக்கும் காமிராக்களை வைத்தார். 1927-இல் அவர் வெளியிட்ட நூலில் அப்படங்கள் உள்ளன. பின்னர் 1990-களில் உல்லாஸ் காரந்த் கருநாடகத்து நாகரகொளைக் காட்டில் தானியங்கிக் காமிராக்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை வகுத்தார். ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது. ஆதலால் படத்தைக் கொண்டே ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காணலாம்.

அந்த விதை எவ்வளவு பெரிய மரமாயிற்று என்பதை 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பு காட்டியது. நாடெங்கும் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலிப் படங்கள் 76,651; சிறுத்தைப் படங்கள் 51,777. காமிராக் கணக்கெடுப்புகளில் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் ஏட்டில் இது இடம் பெற்றது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 455 படங்களுக்கு ஒன்றுதான் புலி! மற்றவற்றை எல்லாம் பிரித்து ஒதுக்கும் பணியில் மென்பொருள் துணை நின்றது.

தமிழ்நாட்டில் இருவேறு சாட்சிகள்

மனிதன் அருகில் நில்லாமல் விலங்கின் அசைவைக் கருவியால் பதிந்து, அதன் வாழ்வை அறியும் கலையில் நம் மதுரைக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் குகை வௌவால்களை ஆராய்ந்தனர். பகலிரவு தெரியாத இருட்குகையில் கூண்டில் அடைபட்ட வௌவால், மாலை வந்துவிட்டது என்பதை எவ்வாறு அறியும்? குகையில் மற்ற வௌவால்கள் விடுதலையாக வந்து போய்க்கொண்டிருந்தால், கூண்டிலுள்ளதும் அவற்றோடு ஒத்த நேரத்தில் விழித்தெழுந்தது. வேறு வௌவால் இல்லாத குகையிலோ, அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போயிற்று. கூட்டத்தின் துணையால் காலத்தை அறிகின்றது அவ்வுயிர் என்னும் இவ்வுண்மையை 1981-இல் அவர்கள் வெளியிட்டனர். குடும்பமாகக் கூடி வாழும் நமக்கு இதில் வியப்பென்ன!

மற்றொன்று அண்மைக்கால நிகழ்ச்சி. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மதுக்கரைக் காட்டின் ஊடே இருப்புப்பாதைகள் செல்கின்றன. 2021 நவம்பரில் ஓரிரவு, அங்கே மூன்று யானைகள் இரயிலில் அடிபட்டு மாண்டன. அதன்பின் வனத்துறை 7.24 கோடி ரூபாய்ச் செலவில் 12 கோபுரங்களை எழுப்பி, உடற்சூட்டைக் கொண்டு இருளிலும் காணவல்ல காமிராக்களை அவற்றில் பொருத்தியது. 2024 பிப்ரவரியில் இவ்வமைப்பு செயற்படத் தொடங்கிற்று. தண்டவாளத்தை நோக்கி யானை வருவதைக் கண்டவுடன், செயற்கை அறிவு கொண்ட கணிப்பொறி அது யானைதான் என்று தேர்ந்து, வனத்துறையினருக்கும் இரயில்வேயினருக்கும் செய்தி அனுப்புகின்றது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துவிடுகின்றார். அசைவைக் காணும் கலை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி உயிர் காக்கும் காவலாகவும் ஆகிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெரியவர் சொன்ன சொல்

இனி எங்கள் நண்டுக் கதைக்குத் திரும்புவோம். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் கரைக்குச் சென்றோம். கடலிலிருந்து ஞாயிறு எழுந்துகொண்டிருந்தது. முதல் நாள் கண்ட அதே பெரியவர் அதே படகருகே இருந்தார். மருமகன் தன் ஆய்வின் முடிவை எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்: ஆள் நடந்து சென்ற பின், நண்டுகள் நெடுநேரம் வளைக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கின்றன, வெளியே வந்து இரை தேடுவதில்லை, நான்கு வாரப் பதிவுகளும் இதையே காட்டுகின்றன, அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். அவன் குரலில் நிறைவு தெரிந்தது.

பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தம்பி, நண்டு உள்ள இல்ல. அந்த நாலாவது வளை வாயில பாரு. ஏறி வந்து குந்தியிருக்கு. உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

நாங்கள் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. மணல்தான் தெரிந்தது. அவர் சொன்ன இடத்தையே விடாது நோக்கியபோது, மணலில் இரண்டு கரும்புள்ளிகள் தென்பட்டன. அவை கண்கள். பிறகு உடலும் புலப்பட்டது. நண்டு அசையாமல் அங்கேயே இருந்தது. நாங்கள் கரையில் இறங்கியதிலிருந்தே அப்படி இருந்ததாம்.

மருமகனின் முகம் வெளுத்தது. அவன் பயன்படுத்திய மென்பொருள், ஒளி மாறிக்கொண்டேயிருக்கும் கரையில் தடுமாறாதிருக்க, 'வெறும் கரை' எப்படியிருக்கும் என்னும் படத்தைச் சிறிது சிறிதாகப் புதுப்பித்துக்கொண்டே வரும். கோயில் மணியருகே குடியிருப்பவனுக்கு நாளடைவில் மணியோசை கேளாததுபோல, நெடுநேரம் மாறாதிருப்பது எதுவும் அதற்குப் பின்புலமாகிவிடும். நண்டு வெளியே வந்து, அசையாது நின்று, சுற்றுமுற்றும் கண்காணித்தால், சில நொடிகளில் கருவிக்கு அது மணலோடு மணலாகிவிடுகின்றது. 'நண்டு இல்லை' என்று எழுதிவிடுகின்றது. அசைவைக் காணவென்றே அமைந்த பொறிக்கு, அசையாமையும் ஒரு செயல் என்பது தெரியவில்லை. பதுங்கியிருப்பது வேறு, வெளியே நின்று விழிப்போடு பார்த்துக்கொண்டிருப்பது வேறு. முன்னது அச்சத்தில் முடங்கிய உயிர். பின்னது ஆபத்தை அளந்து பார்க்கும் உயிர். நான்கு வார உழைப்பின் முடிவு இந்த வேறுபாட்டில் வந்து நின்றது.

1973-ஆம் ஆண்டில் விலங்குகளின் நடத்தையை ஆய்ந்ததற்காக ஃபான் ஃபிரிஷ், லோரன்ஸ், டின்பர்கன் ஆகிய மூவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. தேனீயையும் வாத்தையும் கடற்பறவையையும் ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பொறுமையை எங்கள் கண்முன் வலை முடிந்துகொண்டிருந்த பெரியவரிடமும் கண்டோம்.

"எங்களையும் எண்ணுதா?"

அந்நேரத்தில் மீன் கூடையைத் தலையில் சுமந்து வந்த பெண்கள் இருவர் எங்கள் அருகே நின்றனர். ஒருவர் கழியை அண்ணாந்து பார்த்து, "தம்பி, அது நண்ட மட்டுந்தான் எண்ணுதா, எங்களையும் எண்ணுதா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை. விடியற்காலையில் கரைக்கு வருவோருக்கு அவரவர் தேவைகள் இருக்கும். அங்கே தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஒன்று உண்டென்றால் யாருக்குத்தான் கூச்சமிராது?

இக்கேள்வி இக்கரைக்கு மட்டும் உரியதன்று. உத்தரகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் 14 மாதங்கள் 270 பேரோடு உரையாடி ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், 2024-இல் தம் முடிவை வெளியிட்டனர். விறகும் புல்லும் சேர்க்கக் காட்டுக்குள் செல்லும் பெண்கள், விலங்குகளை விலக்கி வைக்க உரக்கப் பாடிச் செல்வது வழக்கம். விலங்குக்கென்று வைத்த காமிராக்கள் தங்களைப் படம் பிடிப்பதை அறிந்தபின், அவர்கள் கூச்சத்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டனர். அதனால் புலியிடமும் யானையிடமும் சிக்கும் ஆபத்து கூடியது. பெண் ஒருவரின் மறைவான நிலையைக் காட்டிய படம் ஊரெங்கும் பரப்பப்பட்ட கொடுமையும் அங்கு நிகழ்ந்துள்ளது. உயிர்களைக் காக்க வந்த கருவி, மனிதரின் மானத்தைப் பறிக்கலாமா?

மருமகன் கழியிலிருந்து காமிராவை இறக்கினான். அன்று காலைப் பதிவில் அப்பெண்கள் தென்பட்ட பகுதியை அவர்களுக்கே காட்டி, அவர்கள் கண்ணெதிரே அழித்தான். முந்தைய பதிவுகளிலும் மனிதர் தெரியும் இடங்களை மறைத்துவிடுவதாகச் சொன்னான். "சரி தம்பி, நண்ட நல்லா எண்ணு" என்று சொல்லிவிட்டு அவர்கள் கூடையோடு நடந்தனர்.

ஏழு நாளா, நான்கு மாதமா?

அடுத்தது கடினமான வேலை. ஆய்வேட்டைக் கொடுக்க ஏழு நாள்தான் இருந்தது. பிழையை அறிந்தவர் நாங்களும் பெரியவரும் மட்டுமே. எண்கள் அழகாக இருந்தன, வரைபடங்கள் முடிந்திருந்தன. கணிப்பொறி சொன்னதென்றால் கேட்பாரும் ஐயுற மாட்டார். ஊர் திரும்பும் வழியில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பொறையாறு வரை சுற்றிவிட்டு வரலாம் என்று முதலில் எண்ணியிருந்தோம். அதுவும் மறந்து போயிற்று. காரைக்காலில் உணவுக்காக அமர்ந்தபோது அவனே வாய் திறந்தான்: "மாமா, இல்லாததை இல்லை என்று சொல்லலாம். இருப்பதைப் பார்க்காமல் இல்லை என்று சொன்னால் அது பொய்தானே?"

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதைச் சிறு வயதில் அவனுக்கு மனப்பாடம் செய்வித்தவர் எங்கள் துணைவியார். அவர் ஒன்றும் சொல்லாமல் அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அவன் தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் நடந்ததைக் கூறிக் காலக்கெடு நீட்டிப்புப் பெற்றான். பட்டம் பெறுவது நான்கு மாதம் தள்ளிப் போயிற்று. அவன் தாய்க்கு, அதாவது எங்கள் தங்கைக்கு, இதைத் தொலைபேசியில் விளக்கிச் சொல்வதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. "வேலைக்கு மனுப்போட வேண்டிய நேரத்தில் நண்டு நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன அண்ணா?" என்று அவள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இப்போது அவன் வேறு வழியைக் கையாள்கின்றான். 2018-இல் வெளிவந்த டீப்லேப்கட் என்னும் மென்பொருள், அசைவை மட்டும் நம்பியதன்று, உருவத்தையே கற்றுக்கொள்வது. ஏறத்தாழ 200 படங்களில் கண் எங்கே, கால் எங்கே என்று மனிதன் தன் கையால் குறித்துக் காட்டினால், மற்றப் படங்களில் அதுவே தேடிக் கண்டுகொள்ளும். நண்டு அசைந்தாலும் அசையாவிட்டாலும் நண்டுதான். அதையும் அவன் முழுவதும் நம்பிவிடவில்லை. பத்தில் ஒரு பகுதியைத் தன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கின்றான். அந்த 200 படங்களிலும் நண்டைக் குறிக்கும் வேலைக்கு ஓர் ஆசிரியரையும் தேடிக்கொண்டான். வேறு யார்? வலை முடிந்த பெரியவர்தாம். மடிக்கணினித் திரையில் அவர் விரல் வைத்துக் காட்ட, இவன் புள்ளி வைக்கின்றானாம். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இது இப்பத்தான் தோலுரிச்சது" என்று அவர் சொல்லும் செய்திகளை எழுதிவைக்க இன்னொரு குறிப்பேடு வாங்கியிருக்கின்றான்.

வாசக அன்பர்களே! அடுத்த முறை நீங்கள் வேளாங்கண்ணிக்குச் செல்லுங்கால், வரிச்சிக்குடியில் சற்றுக் கிழக்கே திரும்புங்கள். குழந்தைகளையும் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நண்டைத் துரத்த வேண்டாம் என்று சொல்லி, மணலில் ஓரிடத்தில் அமர்ந்து பத்து நிமிடம் அசையாதிருக்கச் செய்யுங்கள். முதலில் வெறும் மணல்தான் தெரியும். பொறுமையாகப் பாருங்கள், உங்களை முன்பே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கரும்புள்ளிகள் எங்கேனும் தென்படும்.